டாட்மோர்டன்: யார்க்‌ஷயரா, லங்காஷயரா, இரண்டும் இல்லையா?

ஜனவரி 11: ஒரு வாசகரின் கேள்வி

மான்செஸ்டரிலிருந்து லீட்ஸ் போகும் ரயிலில் டாட்மோர்டன் என்று ஒரு ஸ்டேஷன் வந்தது. பக்கத்து சீட்டுப் பெரியவர் ‘இது ரெண்டு கவுண்டிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட ஊர்’ என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்தார், கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. தேடிப் பார்த்தால் எல்லாரும் அந்த எல்லைக் கதையைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். ஜன்னல் வழியே நான் பார்த்தது ஓர் ஆலை, ஒரு கால்வாய், ஒரு சர்ச் கோபுரம், மழை. வட இங்கிலாந்து மில் ஊர்கள் எல்லாம் ஒரே அச்சு என்பது என் எண்ணம். இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஜனவரி 12, காலை

நான் சொல்கிறேன். மான்செஸ்டர் வாடகை கட்டுப்படியாகாமல் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே வடக்கே தள்ளிப் போய் அந்த ஊரில் சில வருடங்கள் குடியிருந்தவன்.

எல்லைக் கதையை முதலில் முடித்துவிடலாம், அது உண்மைதான். 1888 வரை யார்க்‌ஷயருக்கும் லங்காஷயருக்கும் இடையிலான கோடு ஊருக்கு நட்ட நடுவே ஓடியது. வால்ஸ்டன் ஓடைதான் அந்தக் கோடு. அதன் மேலேயே டவுன் ஹாலைக் கட்டி 1875-இல் திறந்தார்கள், ஓடை இன்றும் கட்டடத்துக்கு அடியில்தான் போகிறது. ஆகவே மேல்மாடி நடன மண்டபத்தில் ஒரு வால்ட்ஸ் முடிவதற்குள் ஜோடிகள் இந்தக் கவுண்டிக்கும் அந்தக் கவுண்டிக்கும் பல தடவை போய்வந்திருப்பார்கள். முகப்பில் முக்கோணச் சிற்பம் ஒன்று இருக்கிறது: ஒரு பக்கம் லங்காஷயரின் பருத்தித் தொழில், மறு பக்கம் யார்க்‌ஷயரின் விவசாயம் முதலானவை. 1888 சட்டம் ஊர் முழுவதையும் யார்க்‌ஷயரில் சேர்த்தது. 1974 முதல் ஹாலிஃபேக்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட கால்டர்டேல் கவுன்சிலின் கீழ் வருகிறது. ஆனால் அஞ்சல் குறியீடு ஓல்டம் வரிசை, தொலைபேசிக் குறியீடு ராச்டேலுடையது, இரண்டும் எல்லைக்கு அந்தப் பக்கம். ஆன்லைனில் விலாசம் நிரப்பும்போது கவுண்டி என்ற கட்டத்தில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தபால் வந்துவிடும்.

இந்தக் கதையை ஊர்க்காரர்களே வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி மகிழ்வார்கள். ஆனால் ஊரின் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் வேறு இடத்தைக் காட்டுவேன். அது 1838. அதை எழுத நேரம் வேண்டும், மாலையில் வருகிறேன்.

ஜனவரி 12, இரவு

1838-க்கு முன் கொஞ்சம் நிலவியல். மன்னிக்கவும், இது இல்லாமல் மற்றது புரியாது.

ஊர் மூன்று பள்ளத்தாக்குகள் கூடும் இடம். வடமேற்கே போனால் பர்ன்லி, தெற்கே ராச்டேல், கிழக்கே ஹாலிஃபேக்ஸ். சரிவுகள் இரண்டு பக்கமும் நெருக்கும். கீழே இருக்கிற சொற்ப சமதளத்தில் ஆறு, சாலை, கால்வாய், ரயில் நான்கும் இடித்துக்கொண்டு போகின்றன. பழைய வாழ்க்கை எல்லாம் மேலே இருந்தது. கம்பளி நெசவு, குதிரைகள் பொதி சுமந்த கல் பாவிய பாதைகள், தறிக்கு வெளிச்சம் வேண்டி வரிசையாக ஜன்னல் வைத்த கல்வீடுகள். ஜனங்களைக் கீழே இறக்கியது தண்ணீர். முதலில் நீர்ச்சக்கர ஆலைகள், பிறகு 1804-இல் முழுமையாகத் திறந்த ராச்டேல் கால்வாய், அப்புறம் ரயில்.

இடநெருக்கடி எப்படி என்றால், என் வீட்டுக்கு அடியில் வேறொருவர் வீடு. அதில் என்ன என்பீர்கள். அவர் வாசல் கீழ்த்தெருவில், என் வாசல் பின்பக்கம் மேல்தெருவில். ஒரே கட்டடம், இரண்டு விலாசம், படிக்கட்டுத் தொடர்பு கிடையாது. அவர் என்னுடன் பேச வேண்டுமென்றால் தெருவைச் சுற்றிக்கொண்டு மேடேறி வர வேண்டும். பெரும்பாலும் கூரையைத் தட்டுவார், அதாவது என் தரையை.

ஜனவரி 13

சரி, 1838.

ஃபீல்டன் குடும்பத்தில் தொடங்க வேண்டும். ஜோஷுவா ஃபீல்டன், குவாக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக்காரர், பண்ணையும் கம்பளி வேலையுமாக இருந்தவர், 1782-இல் சில குடிசை வீடுகளை வளைத்துப் பருத்தி நூற்கத் தொடங்கினார். அவர் மகன்கள் காலத்தில் அது உலகின் மிகப்பெரிய பருத்திக் கம்பெனிகளில் ஒன்று. மகன்களில் ஒருவர் ஜான் ஃபீல்டன். பத்து வயது வாக்கில் அப்பாவின் மில்லிலேயே வேலைக்கு இறங்கியவர். வளர்ந்து முதலாளியானார், 1832-இல் ஓல்டம் தொகுதியில் எம்.பி.யும் ஆனார். ஆலைகளில் வேலை நேரத்தைக் குறைக்கச் சட்டம் வேண்டும் என்று சொன்ன ஆலை முதலாளி. 1847-இல் பெண்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நாளொன்றுக்குப் 10 மணி நேரம் என்ற சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியது அவர்தான்.

அதற்கு முன்னால் 1834-இல் அரசாங்கம் ஏழைகள் சட்டத்தை மாற்றியது. வேலை இல்லாதவனுக்கு, முடியாதவனுக்கு வீட்டில் வைத்து உதவி செய்வதை நிறுத்து, உதவி வேண்டுமா, ஒர்க்ஹவுஸ் என்கிற ஏழைகள் விடுதிக்குள் வா. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். லண்டனில் உட்கார்ந்து போட்ட சட்டம், நெசவாளர் ஊர்களுக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை. துணி விலை சரிந்தால் ஒரே மாதத்தில் பாதி ஊருக்கு வேலை போகும், அடுத்த மாதம் திரும்பி வரும். அதற்காக எல்லாரையும் பிடித்து உள்ளே போடுவாயா?

டாட்மோர்டன் மறுத்தது. ஃபீல்டன் தன் மில்களை மூடிவிடுவதாகவே மிரட்டினார். சட்டத்தை அமலாக்காத உள்ளூர் அதிகாரி ஒருவருக்கு அபராதம் விதித்து, அவர் சாமான்களை ஜப்தி செய்ய 1838 நவம்பரில் ஹாலிஃபேக்ஸிலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் மான்கின்ஹோல்ஸ் என்ற மலைக் கிராமத்துக்கு வண்டியோடு வந்தார்கள். மணி அடித்தது. பக்கத்து மில்களிலிருந்து தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். வண்டியை எரித்தார்கள், கான்ஸ்டபிள்களை அடித்துத் துரத்தினார்கள். சில நாள் கழித்துச் சட்டத்துக்கு ஆதரவானவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன, ராணுவம் வந்து தங்கியது. அவ்வளவுக்குப் பிறகும் ஊர் இறங்கி வரவில்லை. இங்கிலாந்து முழுக்க ஒர்க்ஹவுஸ்கள் எழும்பி நிற்க, இங்கே 1870-கள் வரை ஒன்று கட்டவில்லை.

தொழிலாளியும் முதலாளியும் ஒரே பக்கம் நின்று அரசாங்கத்தை எதிர்த்த ஊர். ‘ஒரே அச்சு’ என்று நீங்கள் சொன்னது எனக்கு உறுத்தியது இதனால்தான். எத்தனை மில் ஊர்களில் முதலாளியின் ஆலையிலிருந்தே கலகத்துக்கு ஆள் வந்தது?

ஜனவரி 14

பறக்கும் தட்டு பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த ஊரைத் தேடினால் அதுதான் முதலில் வருமாம். வரட்டும். 1980-இல் இரவு ரோந்து போன போலீஸ்காரர் ஒருவர் பர்ன்லி சாலையில் தட்டு ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். காணாமல் போன மாடுகளைத் தேடிப் போயிருந்தாராம். அதன் பிறகு ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாருக்கும் அது ஒரு பத்தி. நான் இருந்த காலத்தில் இரவில் வானமே கண்ணில் பட்டது அபூர்வம், மேகம் கூரைக்கு மேல் உட்கார்ந்திருக்கும்.

ஜனவரி 16

13-ஆம் தேதி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். விவரம் சரிதான், தொனி எனக்கே பிடிக்கவில்லை. ஃபீல்டனைக் காந்தி மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த மில்களுக்குப் பருத்தி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அமெரிக்கத் தெற்கு மாநிலங்களிலிருந்து, அடிமைகள் பறித்தது. பத்து மணி நேரச் சட்டம் பேசிய மனிதரின் தறிகளில் ஓடிய நூலுக்கு நேரக் கணக்கே கிடையாது. இதை அவர் காலத்தவர்களே எடுத்துச் சொல்லிக் குத்தியிருக்கிறார்கள்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்ததும் பருத்தி வரத்து நின்றது. லங்காஷயர் முழுக்கப் பஞ்சம். அப்போது ஜான் ஃபீல்டன் இல்லை, 1849-இல் போய்விட்டார். குடும்பக் கம்பெனி மட்டும் வேலை இல்லாத தொழிலாளர்களுக்கும் கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்துவந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு தொடர்பு உண்டு: அமெரிக்கப் பருத்திக்குப் பதிலாக வந்தது சூரத் பருத்தி. இழை குட்டை, தூசி அதிகம், தறியில் ஓடும்போது அறுந்துகொண்டே இருக்கும், நெசவாளிக்குக் கூலி அளவுக் கணக்கு என்பதால் அறுந்த ஒவ்வொரு இழையும் அவன் பைக்குள் கைவிட்டது. ‘ஆண்டவரே, பருத்தி அனுப்பும், ஆனால் சூரத் வேண்டாம்’ என்று லங்காஷயரில் ஜெபம் சொன்னதாகக் கதை. அதே வருடங்களில் பம்பாய்ப் பருத்தி வியாபாரிகள் கொழித்தார்கள்.

இதற்காக 1838 பொய்யாகிவிடாது. ஒரு மனிதர் பக்கத்து வீட்டுக்காரனுக்காகச் சண்டை போடுவார், கடல் தாண்டி இருக்கிறவனைப் பற்றி யோசிக்கவே மாட்டார். அப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த ஊரிலும்.

ஜனவரி 17

கிரிக்கெட். இதை விட்டால் என்னைச் சும்மா விட மாட்டீர்கள்.

டாட்மோர்டன் கிளப் யார்க்‌ஷயர் மண்ணில் உட்கார்ந்துகொண்டு லங்காஷயர் லீக்கில் ஆடுகிறது. நெடுங்காலம் அப்படி ஆடிய ஒரே அணி, பிறகு பக்கத்து வால்ஸ்டனும் வந்து சேர்ந்தது. அந்த லீக் சாதாரண கிளப் ஆட்டம் கிடையாது. ஒவ்வோர் அணிக்கும் சம்பளம் கொடுத்து ஒரு வெளி ஆட்டக்காரர் உண்டு. நெல்சன் அணிக்கு 1929 முதல் 1937 வரை மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைன், பின்னாளில் அதே அணிக்குக் கபில் தேவ். வார நாளில் தறி ஓட்டியவன் சனிக்கிழமை இவர்களுக்குப் பந்து போட்டிருக்கிறான்.

யார்க்‌ஷயர் கவுண்டி அணியோ 1992-இல் டெண்டுல்கரை எடுக்கும் வரை வெளிநாட்டுக்காரர் ஒருவரையும் வைத்துக்கொண்டதில்லை, கவுண்டி எல்லைக்குள் பிறந்தவர்கள்தான் ஆட வேண்டும் என்ற பிடிவாதம். அந்தக் கணக்கில் டாட்மோர்டனில் பிறந்தவன் யார்க்‌ஷயருக்குத் தகுதி. ஆனால் பீட்டர் லீவர் அங்கே 1940-இல் பிறந்து, லங்காஷயருக்கும் இங்கிலாந்துக்கும் வேகப்பந்து வீசினார். டெரிக் ஷாக்கில்டன் அங்கே பிறந்து, தெற்கே ஹாம்ப்ஷயருக்குப் போய் முதல்தர ஆட்டத்தில் 2,857 விக்கெட் எடுத்தார். யார்க்‌ஷயர்க்காரர்கள் வயிறெரிந்திருப்பார்கள் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 17, சற்றுப் பிறகு

பிறந்தவர்கள் என்று ஆரம்பித்துவிட்டதால்: சுமார் 15,000 பேர் உள்ள ஊரில் இரண்டு நோபல். ஜான் காக்ராஃப்ட், 1951, இயற்பியல். ஜெஃப்ரி வில்கின்சன், 1973, வேதியியல். இரண்டு பேரும் ஒரே பள்ளி, ஒரே இயற்பியல் வாத்தியார், ஏறக்குறைய ஒரு தலைமுறை இடைவெளி. அந்த வாத்தியாருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

காக்ராஃப்டின் குடும்பமும் மில் குடும்பம்தான். அணுவைப் பிளந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது வேறு. விண்ட்ஸ்கேல் அணு உலையின் புகைபோக்கிகள் ஏறக்குறைய எழும்பிவிட்ட நிலையில், மேலே வடிகட்டி வைத்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தார். செலவு, வீண் வேலை, காக்ராஃப்டின் கிறுக்குத்தனம் என்று கேலி செய்தார்கள். 1957-இல் உலை தீப்பிடித்தபோது கதிரியக்கத் தூசியின் கணிசமான பகுதியை அந்த வடிகட்டிகள்தான் தடுத்தன. டாட்மோர்டன் பிடிவாதம் என்று இதையும் கணக்கில் சேர்த்தால் நான் கொஞ்சம் இழுக்கிறேன் என்பீர்கள். இழுக்கிறேன்தான்.

ஜனவரி 20

தீ என்றதும் சம்மிட் சுரங்கப்பாதை. ஊருக்குத் தெற்கே, 2.6 கிலோமீட்டர், 1841-இல் திறந்தபோது உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம். 1984 டிசம்பர் 20 அதிகாலை 13 பெட்ரோல் டாங்கர்களை இழுத்துப் போன சரக்கு ரயில் உள்ளே தடம் புரண்டு தீப்பிடித்தது. ரயில் ஊழியர்கள் ஓடித் தப்பித்தார்கள். அப்புறம் டிரைவர் திரும்ப உள்ளே போய், தடம் புரளாத முதல் மூன்று டாங்கர்களை மட்டும் கழற்றி எஞ்சினோடு வெளியே ஓட்டி வந்தார். மற்றவை எரிந்தன. மலை மேலுள்ள காற்றுத்துளைகள் வழியே வானளாவத் தீ சீறியது. யாரும் சாகவில்லை. தணிந்த பிறகு பார்த்தால் 1841-இன் செங்கல் பெரும்பாலும் அப்படியே நின்றது. அடுத்த ஆண்டே மறுபடி ரயில் ஓடியது. தினமும் வேலைக்குப் போக அதற்குள்தான் நுழைவேன், போன் சிக்னல் போகும், எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

ஜனவரி 23

‘மழையைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே’. சொல்கிறேன்.

அந்தப் பள்ளத்தாக்கில் வெள்ள எச்சரிக்கைக்குச் சைரன் வைத்திருக்கிறார்கள், இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் விமானத் தாக்குதலுக்கு ஊதுகிற அதே மாதிரி ஓலம். 2015 டிசம்பர் 26 காலை அது ஊதியபோது நான் ஊரில் இருந்தேன். கிறிஸ்துமஸ் மறுநாள், எல்லாரும் தூக்கத்தில். என் வீடு மேட்டில், அதனால் எனக்குச் சேதம் ஒன்றுமில்லை, கீழ்வீட்டுக்காரர் வாசல்படியோடு தப்பித்தார். ஊருக்குள் இறங்கிப் பார்த்தால் சாலை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் கடைகளிலிருந்து சேற்றை வாரினோம். டீசலும் சாக்கடையும் கலந்த அந்த நாற்றம் துணியிலிருந்து போகவே இல்லை, அந்தப் பேண்ட்டைத் தூக்கிப் போட்டேன். எங்களுக்கு முன்பே சீக்கியத் தொண்டர்களும் முஸ்லிம் இளைஞர்களும் சாப்பாடும் துடைப்பமுமாகப் பள்ளத்தாக்கில் இறங்கியிருந்தார்கள்.

ஏன் இவ்வளவு வெள்ளம் என்பதில் ஊரில் பெரிய சண்டை. மேலே மேட்டுச் சதுப்புகளைக் காட்டுக்கோழி வேட்டைக்காக வடித்து, புதரை எரித்துப் பராமரிக்கிறார்கள், தண்ணீர் தங்காமல் கொட்டுகிறது என்பது ஒரு கட்சி. செங்குத்துச் சரிவு, குறுகல் பள்ளம், ஆற்றை மூடிக் கட்டிய ஊர், இதில் வேறென்ன நடக்கும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் உண்மை இருப்பதாக நினைக்கிறேன், ஆனால் முதல் கட்சிக்காரர்கள் சும்மா பேசிவிட்டுப் போகவில்லை. வார இறுதிகளில் ஓடைகளில் மரக்கட்டைகளை அடுக்கி நீரைத் தாமதப்படுத்துகிறார்கள், சதுப்பில் பாசி நடுகிறார்கள். ஊர்ப் பூங்காவையே வெள்ள நீர் தேங்கி நிற்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 24

தோட்டக் கதையைக் கேட்டவருக்கு. ஆமாம், பொது இடங்களில் காய்கறி நட்டு எல்லாருக்கும் விடுகிற இயக்கம் 2008-இல் தொடங்கியது அங்கேதான். பாம் வார்ஹர்ஸ்ட், மேரி கிளியர் என்று இரண்டு பெண்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மக்காச்சோளம், ரயில் நிலையத்தில் கீரையும் மூலிகையும், மருத்துவமனை ஓரத்தில் பழச்செடி, யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். முதலில் அனுமதியெல்லாம் கேட்கவில்லை, நட்டுவிட்டார்கள். இன்று பல நாடுகளில் இதைப் பார்த்துச் செய்கிறார்கள்.

ஊர் தன் சாப்பாட்டைத் தானே விளைவிக்கிறது என்று பத்திரிகைகள் எழுதியது மிகை. நான் ஸ்டேஷனில் புதினா பறித்துச் சட்னி அரைத்திருக்கிறேன், அதைத் தாண்டி என் காய்கறியெல்லாம் சூப்பர்மார்க்கெட்டும் 1879-இல் கட்டிய மார்க்கெட் மண்டபமும்தான். ஆனால் புதினா பறிக்க நின்ற இடத்தில் அறிமுகமான மனிதர்கள் உண்டு. ‘அதை எதுக்குப் பறிக்கிறே?’ என்று ஒரு கிழவி அதட்டியதில் தொடங்கிய பழக்கம், சட்னி கொண்டுபோய்க் கொடுக்கும் வரை போனது. காரம் என்றாள். முழுசும் தின்றாள்.

ஜனவரி 26

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: பிடிவாதம் இந்தப் பென்னைன் மலைத்தொடரில் உள்ள எல்லா ஊருக்கும் உண்டு, நாலு மைல் தள்ளி ஹெப்டன் பிரிட்ஜும் இதேதானே என்று. இல்லை ஐயா. ஹெப்டன் பிரிட்ஜில் மில்கள் மூடி வீடுகள் சும்மா கிடந்தபோது 1970-களில் ஓவியர்களும் ஹிப்பிகளும் வந்து குடியேறினார்கள், இன்று அங்கே ஒரு காபி விலைக்கு டாட்மோர்டனில் சிப்ஸும் வாங்கி மீதிச் சில்லறையும் பார்க்கலாம். அந்த அலை டாட்மோர்டனுக்கும் வந்துகொண்டிருக்கிறது, மெதுவாக. வீட்டு விலை ஏறுகிறது என்று பழைய ஆட்கள் புலம்புகிறார்கள். நானும் ஏற்றியவர்களில் ஒருவன், அதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

ஜனவரி 29

டோப்ராய்ட் கோட்டை பற்றிக் காதல் கதை போட்டவருக்கு ஒரு திருத்தம். ஜான் ஃபீல்டனின் மகன், அவர் பெயரும் ஜான், தன் மில்லின் நெசவுக்காரப் பெண் ரூத்தைக் காதலித்தார், ‘கோட்டை கட்டினால் கட்டிக்கொள்கிறேன்’ என்றாள், கட்டினார் என்கிறீர்கள். கல்யாணம் 1857. கோட்டை வேலை தொடங்கியது 1866. ஒன்பது வருடம் கடன் சொல்லியா தாலி கட்டினார்? அவள் நெசவுக்காரி என்பது நிஜம், அதுவே அந்தக் காலத்துக்குப் பெரிய சேதி.

கோட்டையின் பிற்காலம்தான் சுவாரசியம். கட்டுப்பாடு மீறிய பையன்களுக்கான சீர்திருத்தப் பள்ளியாக இருந்தது, அப்புறம் 1990-களில் புத்த மடமானது. இப்போது பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து கயிறு ஏறிக் கூச்சல் போடுகிற முகாம்.

மேலே ஸ்டூட்லி பைக் தூணுக்கு நடந்து போகிறவர்கள் டார்ச் கொண்டுபோங்கள், உள்படி கும்மிருட்டு. 37 மீட்டர். நெப்போலியன் தோற்றதற்காக எழுப்பிய முதல் தூண் 1854-இல் சரிந்து விழுந்தது, இப்போது நிற்பது 1856-இல் முடித்த இரண்டாவது. மான்கின்ஹோல்ஸ் வழியாக ஏறினால் 1838-இல் வண்டியை எரித்த கிராமத்தையும், வழியில் லம்பட்ஸில் மூன்று நீர்ச்சக்கரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஓட்டிய கல் கோபுரத்தையும் பார்த்துவிடலாம். அங்கேயே பப்பும் இருக்கிறது.